சவர்க்காரம் இல்லாத காலத்தில எங்கட ஆக்கள் எப்படிச் சேவ் எடுத்தார்கள்?

 

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருந்து வாசியுங்கள். முகச்சவரத்தைப் பற்றி எழுதப் போகிறேன். தாடி வைத்திருக்கிற இந்த மாஸ்டருக்கு ஏன் இந்த வேலை என்று சிலர் சிரிப்பீர்கள். தாடி வைத்தவனும் கன்னத்தையும் கழுத்தையும் ஒதுக்கத்தான் வேண்டும், மீசையைக் கத்தரிக்கத்தான் வேண்டும். சரி, விசயத்துக்கு வருகிறேன்.

2022 இன் கடைசி மாதங்கள். நாடு முழுக்க விலை ஏறிக்கிடந்த நேரம். அந்த வருடம் செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம் என்று செய்தியில் சொன்னார்கள். எங்களுக்கு அது செய்தியாகத் தெரியவில்லை, கடையில் வாங்குகிற பருப்பில், பால்மாவில், சவர்க்காரத்தில் தெரிந்தது.

அப்போது நான் பாடசாலையில் ஒழுக்காற்றுக் குழுவில் இருந்தேன். காலையில் கேற்றடியில் நின்று பிள்ளைகளின் தலைமுடி, நகம், சப்பாத்து பார்ப்பது என் வேலை. உயர்தர வகுப்புப் பொடியன் ஒருவன் மூன்று நாளாக முகம் வழிக்காமல் வந்தான். முதல் நாள் சொன்னேன். இரண்டாம் நாள் ஏசினேன். மூன்றாம் நாள் "வழிச்சுப்போட்டு வா" என்று கேற்றடியிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.

அடுத்த நாள் வந்தான். முகம் மழுமழு என்று இருந்தது. நான் வழித்தால்கூட அப்படி வராது, ஒரு வெட்டு இல்லை, ஒரு சிவப்பு இல்லை. "என்ன கிறீம் போட்டனி?" என்று பகிடியாகக் கேட்டேன்.

"கிறீம் இல்ல சேர். வீட்டில சவுக்காரமே இல்ல. அப்பப்பாதான் செவ்வரத்தை இலையில வழிச்சு விட்டவர்."

எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஒரு சவர்க்காரக் கட்டி வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளையைத்தான் நான் கேற்றடியில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்று பின்னேரம் அவனுடைய வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். போன இடத்தில் படித்தது ஒரு வரலாற்றுப் பாடம். கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் வரலாறு படித்த எனக்கு அதில் ஒரு வரிகூடத் தெரிந்திருக்கவில்லை.

அப்பப்பாவுக்கு எழுபது வயதுக்கு மேலே. வயல்காரர். திண்ணையில் இருந்தவர் என்னைக் கண்டதும் எழும்பினார். "இருங்கோ ஐயா" என்று நானும் பக்கத்தில் இருந்தேன். பொடியனை அனுப்பினது என் பிழை என்று சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

"அதுக்கென்ன சேர், பள்ளிக்கூடமெண்டா அப்பிடித்தான். நாங்கள் பத்துப் பன்னிரண்டு வருசம் சவுக்காரம் இல்லாமச் சேவ் எடுத்த ஆக்கள். இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்" என்றார்.

பத்துப் பன்னிரண்டு வருடம். அதுதான் வன்னியின் பொருளாதாரத் தடைக் காலம்.

இப்போது உயர்தரம் படிக்கிற பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். 1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியது. அதோடு வடக்கில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குப் போகும் பொருட்களுக்கு அரசாங்கம் தடையும் கட்டுப்பாடும் போட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, பசளை என்று பட்டியல் நீண்டது. பாதையும் அடிக்கடி மூடப்பட்டது. சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி மாதிரியான சாதாரண வீட்டுச் சாமான்களும் கிடைக்காத, கிடைத்தாலும் வாங்க முடியாத சாமான்களாகின. 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தில் இருந்து இலட்சக்கணக்கான சனம் இடம்பெயர்ந்தது. அதில் பெரும் பகுதி பிறகு வன்னிக்குள் வந்தது. இருந்த கொஞ்சத்தை இன்னும் பலர் பங்கு போட வேண்டி வந்தது. 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம், ஏப்ரலில் ஏ-9 வீதி திறப்பு. அதற்குப் பிறகுதான் வன்னிக் கடைகளில் சாமான் நிறைந்தது.

அந்தக் காலத்தைப் பற்றி இரண்டு மூன்று கதைகள் எல்லோரும் சொல்வார்கள். ஜாம் போத்தலில் ஒரு துளி மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது, பெற்றோல் வாகனத்தை மண்ணெண்ணெயில் ஓட்டியது. முகம் வழித்த கதையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எழுதியும் நான் காணவில்லை. அப்பப்பா சொன்னதை அப்படியே தருகிறேன்.

"உடுப்புக்குப் பனங்களி சேர். பனம்பழம் விழுகிற காலத்தில பழத்தைப் பிசைஞ்சு களி எடுத்து அதில தோய்ப்பம். அழுக்குப் போகும், ஆனா மணமும் மஞ்சளும் நிக்கும். முகத்துக்கு அது சரிவராது, பிசுபிசுக்கும். சாம்பல் தண்ணியும் உடுப்புக்குத்தான், முகத்தில பட்டா எரியும். முகத்துக்குச் செவ்வரத்தை இலைதான் நல்லம். அது இல்லாட்டி இலந்தை இலை. ரெண்டும் இல்லாட்டி ரெண்டு சொட்டு நல்லெண்ணெய்."

செவ்வரத்தை இலை பத்துப் பதினைந்தைப் பிடுங்கிக் கழுவி, அரைக் கோப்பைத் தண்ணீரில் கையால் கசக்குவாராம். தண்ணீர் கொழகொழ என்று வந்ததும் துணியில் வடிப்பார். அதைத்தான் முகத்தில் பூசி வழிப்பது. இலந்தை இலையைக் கல்லில் அரைத்துத் தண்ணீரில் அடித்தால் கொஞ்சம் நுரையே வரும் என்றார்.

வீட்டுக்கு வந்து இதெல்லாம் உண்மையில் வேலை செய்யுமா என்று தேடிப் படித்தேன். எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரையும் கேட்டேன். தெரிந்துகொண்டது இதுதான்.

தாடி மயிர் கெரற்றின் என்ற புரதத்தால் ஆனது. காய்ந்த மயிர் வெட்டுவதற்குக் கடினம். நனைந்த மயிர் தன் நிறையில் ஏறத்தாழ 30 வீதம் வரை தண்ணீரை உறிஞ்சும், ஊதி மெதுவாகும். பிளேட்டுக்கு இலேசு. ஆனால் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதால் தண்ணீர் உடனே உள்ளே போகாது. சவர்க்காரம் அந்தப் பிசுக்கை அகற்றுகிறது. நுரை தண்ணீரை மயிரோடு பிடித்து வைத்திருக்கிறது, பிளேட் வழுக்கிப் போகவும் விடுகிறது. ஆக, நல்ல சவரத்துக்கு மூன்று வேலை நடக்க வேண்டும். பிசுக்குப் போக வேண்டும், மயிர் ஊற வேண்டும், பிளேட் வழுக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்கிற எதுவும் சேவிங் கிறீம்தான்.

செவ்வரத்தை இலையில் இருப்பது கொழகொழப்பான பசைச் சாறு. அது வழுக்கலைத் தரும், தண்ணீரையும் பிடித்து வைக்கும். இலந்தை இலையில் சப்போனின் என்ற பொருள் இருக்கிறது, நுரைக்கிற இயல்பு அதனால்தான். பூவந்திக்கொட்டையிலும் சீயாக்காயிலும் நுரை வருவது இதே சப்போனினால். பனங்களி உடுப்பு வெளுத்ததற்கும் அதே காரணம். பனம்பழத்தின் கைப்புக்குக் காரணமான பிளபெல்லிபெரின் என்பவையும் சப்போனின் வகையைச் சேர்ந்தவை. ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி ஆய்வே நடந்திருக்கிறது. எங்கட ஆச்சிமாருக்குப் பெயர் தெரியாது, வேலை தெரிந்திருக்கிறது.

இலந்தை என்றதும் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. எங்கள் மார்க்கத்தில் மையித்தைக் குளிப்பாட்டும்போது தண்ணீரோடு ஸித்ர் இலை சேர்ப்பது வழமை. ஸித்ர் என்பது அரபு நாட்டு இலந்தை. சின்ன வயதில் இருந்து அதைச் சடங்காகத்தான் பார்த்திருக்கிறேன். சவர்க்காரம் பரவாத காலத்தில் அந்த மக்களின் சவர்க்காரமே அந்த இலைதான் என்பது வன்னியில் ஒரு வயல்காரர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது.

பிளேட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒரு பிளேட்டை மாதக்கணக்கில் பாவித்திருக்கிறார்கள். கண்ணாடிக் கிளாசின் உட்பக்கத்தில் பிளேட்டை வைத்து விரலால் மெல்ல அழுத்தி அங்கும் இங்கும் தேய்த்தால் கூர் கொஞ்சம் திரும்பும். வழித்து முடிந்ததும் துடைத்து, எண்ணெய் தொட்டு, கடதாசியில் சுற்றி வைப்பது. ஈரத்தில் பிடிக்கிற துருவும் பிளேட்டைக் கெடுக்கும்.

"ஏன் ஐயா இவ்வளவு கஷ்டப்பட்டு வழிக்க வேணும்? சண்டைக்குள்ள தாடியோட இருந்தா என்ன?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "முகத்தைப் பாத்துத்தானே சேர் ஆள மதிக்கிறது. பதிவுக்குப் போனாலும், நிவாரணத்துக்குப் போனாலும், வவுனியாவுக்குப் பாஸ் கேட்டுப் போனாலும் வழிச்சிட்டுத்தான் போவன். அடையாள அட்டையில இருக்கிற முகம் வேற, வந்து நிக்கிற முகம் வேற எண்டா ஆயிரம் கேள்வி வரும். அதைவிட, ஒண்டும் இல்லாதவன் எண்டு முகத்தில எழுதி ஒட்டிக்கொண்டு போக எனக்கு விருப்பமில்ல."

இந்தக் கடைசி வசனத்துக்குப் பிறகு எனக்குக் கேற்றடிக் காட்சிதான் கண்ணில் நின்றது. அந்தப் பொடியனும் அதையேதான் மறைக்கப் பார்த்திருக்கிறான். காரணம் சொல்லாமல் சைக்கிளைத் திருப்பினதும் அதனால்தான்.

அப்பப்பாவுக்கு இந்த வித்தையைப் பழக்கியது யார் தெரியுமா? அவருடைய ஊருக்கு முகம் வழிக்க வருகிற பரியாரியார். பழைய நாளில் வீடு வீடாக வந்து வழிப்பவர்கள் கத்தியை எடுக்க முதல் தண்ணீர் தொட்டு விரலால் தாடியை நீவுவார்கள். ஐந்து நிமிடம், சில நேரம் பத்து நிமிடம். சவர்க்காரமே பூசாமல் வெறும் தண்ணீரில் நீவி வழித்துவிடுகிற கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். நாங்கள் இன்று நுரையை அப்பி ஒரு நிமிடத்தில் வழிக்கப் பார்க்கிறோம், அதனால்தான் வெட்டும் எரிவும்.

அந்தக் கெட்டிக்காரர்களை எங்கள் சமூகம் எப்படி வைத்திருந்தது என்பதையும் சொல்லாமல் விட்டால் இது வரலாறு ஆகாது. வடக்கின் சாதி அமைப்பு முகம் வழிப்பவர்களைப் பஞ்சமர் என்று ஒதுக்கிய ஐந்து சாதிகளில் ஒன்றாக வைத்தது. முகத்தைத் தொட விட்டார்கள், கிணற்றைத் தொட விடவில்லை. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 1960களின் கடைசியில் தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் போவதற்கே போராட வேண்டியிருந்தது. இதை வாசித்து எங்கள் ஆட்கள் மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்ட வேண்டாம். எங்களுக்குள்ளும் ஒஸ்தா குடும்பங்கள் இருந்தன. பிள்ளைகளுக்கு சுன்னத்துச் செய்வதும் தலை வழிப்பதும் அவர்கள்தான். இஸ்லாத்தில் சாதி இல்லை என்று மேடையில் பேசிவிட்டு, ஒஸ்தா வீட்டில் பெண் எடுக்கச் சொன்னால் பின்வாங்கியவர்கள் எங்கள் ஊர்களிலும் இருந்தார்கள்.

தானே வழிக்கிற பழக்கம் பெரிதாகப் பரவியதற்குக் காரணம் ஒரு வியாபாரி. அமெரிக்காவில் கிங் கம்ப் ஜில்லற் என்பவர் தூக்கி எறியக்கூடிய மெல்லிய பிளேட்டை 1903 இல் விற்பனைக்கு விட்டார். முதல் வருடம் விற்றது 51 ரேசரும் 168 பிளேட்டும்தான். பிறகு முதலாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அரசாங்கமே ரேசர் வாங்கிக் கொடுத்தது. போரால் பரவிய பழக்கம் அது. எங்கள் மண்ணில் இன்னொரு போர் அந்த பிளேட்டையும் சவர்க்காரத்தையும் அரிதாக்கியது.

சவர்க்காரம் என்ற சொல்லையும் கொஞ்சம் பாருங்கள். சவரம் செய்கிற காரம் என்று வகுப்பில் ஒரு பிள்ளை ஒருமுறை விளக்கம் சொன்னது. கேட்க நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் அது பிழை. சவரம் என்பது க்ஷௌரம் என்ற வடசொல்லில் இருந்து வந்தது. சவர்க்காரத்தில் உள்ள சவர், உவர். சவர்த்தண்ணி என்று நாங்கள் சொல்கிற அதே சவர்தான். உவர்மண்ணிலும் சாம்பலிலும் இருந்து எடுத்த காரத்தால் சலவை செய்த காலத்தின் அடையாளம் அந்தச் சொல்லில் இருக்கிறது. எண்ணெயையும் காரத்தையும் சேர்த்தால் சவர்க்காரம். இந்த நாட்டில் தேங்காய் எண்ணெய்க்குக் குறைவில்லை. லீவர் பிரதர்ஸ் 1938 இல் கொழும்பு கிராண்ட்பாஸில் தொடங்கியது. சுவதேசி நிறுவனம் 1941 இல் வந்தது. வடக்குக்கும் சொந்தமாக ஒன்று இருந்தது, யாழ்ப்பாணத்து மில்க்வைற். அதன் அதிபர் கனகராசா சவர்க்காரம் விற்றதோடு நிற்காமல் பனை நடச் சொல்லி ஊர் ஊராக இயக்கம் நடத்தியவர். 'மில்க்வைற் செய்தி' என்று இதழும் வெளியிட்டவர். சவர்க்காரம் செய்தவர் நடச் சொன்ன பனையின் பழமே சவர்க்காரம் இல்லாத காலத்தில் உடுப்பு வெளுத்தது.

அப்பப்பாவிடம் கடைசியாகக் கேட்டேன். "தடைக்கு முந்தி சவுக்காரம் எங்க ஐயா வாங்கிறனீங்கள்?"

"உங்கட ஆக்களின்ர கடையிலதான் சேர்" என்றார். "முல்லைத்தீவில ஒரு நானாவின்ர கடை. நீளச் சவுக்காரத்தைக் கத்தியால வெட்டித் துண்டு துண்டாத் தருவார். காசில்லாட்டியும் கொப்பியில எழுதிப்போட்டுத் தருவார். தொண்ணூறில உங்கட ஆக்களை அனுப்பேக்க அவரும் போட்டார். என்ர கணக்கு இன்னும் அந்தக் கொப்பியில கிடக்கு."

அதற்குப் பிறகு இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவின் சில பகுதிகள், ஒக்ரோபர் 30 இல் யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மொத்தம் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தது புத்தளம். என் வாப்பா முல்லைத்தீவில் இருந்து அப்படிப் போனவர். நான் பிறந்தது புத்தளத்தில், கிடுகுக் கொட்டிலில்.

வன்னியில் இருந்து போனவர்களுக்குப் பொருளாதாரத் தடை இல்லையே, கடையில் சவர்க்காரம் இருந்ததே என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். கடையில் இருந்தது, கையில் காசு இல்லை. வாப்பா உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் கூலிக்குப் போய்க் காசு வந்து, வாங்கினாலும் அது நுரைக்காது. ஏனென்றால் நாங்கள் இருந்த இடத்துக் கிணறு சவர். உவர்த்தண்ணீரிலும் கடினநீரிலும் சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்துபோகும். வாப்பா வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முதல் முகம் ஒதுக்குவதற்கு ஒரு போத்தல் மழைத்தண்ணீரைத் தனியாக எடுத்து வைத்திருப்பார். சின்னப் பிள்ளைகள் நாங்கள் அதைத் தொட்டால் அடி விழும். ஏன் ஒரு போத்தல் தண்ணீருக்காக இந்த மனுசன் இப்படிக் கத்துகிறார் என்று நான் அந்த வயதில் நினைத்ததுண்டு.

அப்பப்பாவுக்கு இதைச் சொன்னேன். "எங்களுக்குச் சவுக்காரம் இருந்தது, தண்ணி இல்ல. உங்களுக்குத் தண்ணி இருந்தது, சவுக்காரம் இல்ல" என்றேன்.

"குளத்துத் தண்ணி நல்லா நுரைக்கும் சேர்" என்றார். "கொண்டு வந்து தந்திருப்பன், வழியிருந்தா."

எங்கட கஷ்டத்தை அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் கஷ்டத்தை எங்களுக்குத் தெரியாது. முப்பது வருடமாக இரண்டு பக்கமும் தன்னுடைய கணக்கைத்தான் கூட்டிப் பார்க்கிறது. வெளியேற்றத்தைப் பேசினால் ஒரு பக்கத்துக்குக் கோபம், தடையைப் பேசினால் மறுபக்கத்துக்கு அக்கறையில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றது இல்லாமல் போய்விடாது. அந்த நானாவை அனுப்பியது அநியாயம். அந்த வயல்காரருக்குச் சவர்க்காரம் கிடைக்காமல் செய்ததும் அநியாயம். எனக்கு இதைச் சொல்வதற்கு ஒரு தராசு தேவைப்படவில்லை. இரண்டும் ஒரே மாதிரி என்றும் நான் சொல்லவில்லை. இரண்டையும் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

2009 இல் மெனிக் பாம் முகாமில் கம்பிக்குள் இருந்தபோது நிவாரணப் பொதியில் ஒரு சவர்க்காரக் கட்டி கிடைத்ததாம். அப்பப்பா அதைப் பாவிக்காமல் சில நாள் வைத்திருந்தாராம். "எத்தினை பேரை இழந்து வந்து, கையில ஒரு வாசச் சவுக்காரம். பூச மனம் வரேல்ல" என்றார். நான் வேறு கேள்வி கேட்கவில்லை.

சரி, பதிவு பாரமாகப் போகிறது. இன்றைக்கும் உதவுகிற விசயத்துக்கு வருகிறேன். சேவிங் போம் ரின் விலை கொடுக்க முடியாதவர்களுக்கும், வீணாக ஏன் கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும், அப்பப்பா சொன்னதையும் நான் செய்து பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் வேலை தண்ணீர். இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்து முகத்தில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். குளித்த கையோடு வழித்தால் இன்னும் நல்லது. விரலால் நீவுங்கள். அவசரம் வேண்டாம். பாதிச் சவரம் இதிலேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, தேய்ந்து மீதமாகிற குளிக்கிற சவர்க்காரத் துண்டுகளை எறியாதீர்கள். சீவி ஒரு ஜாம் போத்தலில் போட்டு, மூடுகிற அளவுக்குச் சுடுதண்ணீர் விட்டு ஒரு இரவு வையுங்கள். காலையில் களி மாதிரி வரும். பாவிக்கும்போது ஒரு கரண்டி எடுத்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் சேர்த்து, தண்ணீர் தொட்டு பிரஷ்ஷாலோ விரலாலோ அடியுங்கள். எண்ணெய் கூடினால் நுரை அமரும், பிளேட்டும் அடைபடும். இரண்டு சொட்டு என்றால் இரண்டு சொட்டுத்தான். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம் வேண்டாம், முகத் தோலுக்கு அதன் காரம் கூட.

மூன்றாவது, செவ்வரத்தை இலைச் சாறு. மேலே சொன்ன மாதிரிக் கசக்கி வடித்து அன்றைக்கே பாவிக்க வேண்டும். வைத்தால் புளித்துப் போகும். கற்றாழைச் சோற்றைக் கழுவி மசித்தும் பாவிக்கலாம். முதலில் வடிகிற மஞ்சள் பாலைக் கட்டாயம் கழுவி விடுங்கள், சிலருக்குக் கடிக்கும். எதையும் முதன்முறை பாவிக்கும்போது கையில் கொஞ்சம் பூசிப் பார்த்து ஒரு நாள் பொறுங்கள்.

நான்காவது, மயிர் வளர்கிற பக்கமாக வழியுங்கள். அழுத்த வேண்டாம். முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவி, நனைத்த படிகாரக் கட்டியைத் தடவுங்கள். சின்ன வெட்டில் இரத்தம் நிற்கும். மருந்துக்கடையில் கேட்டால் தருவார்கள், ஒரு கட்டி வருடக்கணக்கில் இருக்கும்.

ஐந்தாவது, பிளேட்டைத் துடைத்துக் காய வையுங்கள். ஒரு பிளேட்டை இரண்டு பேர் பாவிக்காதீர்கள், அண்ணன் தம்பி என்றாலும். முகாமில் ஒரே பிளேட்டில் பலர் வழித்தார்கள், வேறு வழி இருக்கவில்லை. மஞ்சட்காமாலை வைரசுகளும் எச்.ஐ.வி.யும் இரத்தம் பட்ட பிளேட்டால் தொற்றலாம். இன்று எங்களுக்கு வழி இருக்கிறது.

இனிக் கேற்றடிக் கதையை முடிக்கிறேன். நான் இப்போதும் ஒழுக்காற்றுக் குழுவில் இருக்கிறேன். பிள்ளைகள் சுத்தமாக வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வழிக்காமல் வந்த பிள்ளையை வீதிக்கு அனுப்புவதில்லை. ஆசிரியர் ஓய்வறை அலுமாரியில் ஒரு பக்கற் பிளேட், நாலைந்து மலிவு ரேசர், ஒரு படிகாரக் கட்டி, ஒரு ஜாம் போத்தல் வைத்திருக்கிறோம். போத்தலில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாடசாலைக் கிணற்றடியில் கண்ணாடி ஒன்றும் மாட்டியிருக்கிறோம். காரணம் கேட்பதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி பிளேட், வழித்துவிட்டு வகுப்புக்குப் போவான். ஒரு பாடமும் தவறுவதில்லை.

அந்தக் கொப்பி வைத்திருந்த நானா யார் என்று நான் தேடிப் பார்த்தேன். அவர் புத்தளத்தில் வபாத்தாகி விட்டார் என்று எங்கள் பெரியவர்கள் சொன்னார்கள். அப்பப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் உள்ளே போய் கொஞ்சக் காசு கொண்டு வந்து தந்தார். "அவற்ர பேரில பள்ளியில குடுங்கோ சேர். கணக்கு எவ்வளவு எண்டு ஞாபகமில்ல. கூடக் குறைய இருக்கும்." உண்டியலில் போட்டேன்.

உங்கள் வீட்டில் அந்தக் காலத்தைக் கண்ட பெரியவர்கள் இருந்தால், வன்னிக்குள் இருந்தவர்களோ புத்தளம் போனவர்களோ, எதில் முகம் கழுவினீர்கள், எதில் உடுப்புத் தோய்த்தீர்கள், எதில் வழித்தீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். பாடப்புத்தகத்தில் இது வராது. அவர்களும் கனகாலம் இருக்க மாட்டார்கள்.